காவேரி வரும் ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. வெள்ளைப் புடவை.
காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தபோது
கவர் என் கையில்தான் இருந்தது,
உள்ளே ஐந்நூறு ரூபாய்,
மேலே என் கையெழுத்தில் ஜாய்ஸ் ரத்தினபாய்.

கை நீளவில்லை.
வயலட் டீச்சர் முழங்கையால் இடித்தாள்.
பை பின்வரிசைக்குப் போயிற்று.

சற்றுமுன் ஐயர் வாசித்த பகுதியை
ஐம்பது வருஷமாகக் கேட்கிறேன்.
அண்டை வீட்டுக்கு வந்த தந்தி மாதிரி.
உனக்கு யார்மேல் குறை என்று கேட்பதாகவே
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
அது கேட்பது வேறு:
யாருக்கு உன்மேல் குறை?

எழுந்தேன். பாட்டு முடியவில்லை.
செருப்பு மாட்டும்போது
உள்ளே நானில்லாமலே ஆமென் சொன்னார்கள்.

என் குறைக்கு ஒரு குறைவும் வைக்கவில்லை நான்.
முப்பத்தொரு வருஷம் தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தவள்,
கோபத்தையும் ஆர்.டி. கணக்காகத்தான் நடத்தினேன்,
மாதம் தவறாமல் கட்டி.
அண்ணன் இறந்தது காலை ஒன்பது மணிக்கு.
மதினி எனக்குச் சொன்னது சாயங்காலம் ஆறுக்கு.
ஒன்பது மணி நேரம்,
அதன்மேல் நாலு வருஷ வட்டி.

எப்சிபா மதினியின் பாஸ்புக்கை
நான் புரட்டிப் பார்த்ததில்லை.
அதில் ஒரே ஒரு வரவு.
ஓசூர் ரோடு கல்லறை, மண் போடும் நேரம்,
எல்லார் காதிலும் விழ நான் சொன்னது:
"மாத்திரைய நேரத்துக்குக் குடுத்திருந்தா
எங்கண்ணன் இருந்திருப்பான்."
அவள் கையில் அள்ளிய மண்
கையிலேயே நின்றது.

"எல்லிகே மேடம்?" என்றார் ஆட்டோக்காரர்.
நாலு வருஷமாய் எந்தக் கவரிலும் எழுதாத முகவரி,
பின்கோடு வரைக்கும் வாயில் வந்தது.
லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் தூறல்.
திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை சொல்ல நினைத்தேன்.
மீட்டர் ஓடியது.

கேட் திறந்தே கிடந்தது.
காவேரி தண்ணி வந்திருந்தது, கரண்ட் போயிருந்தது.
முழங்காலுக்கு மேல் புடவையைச் செருகிக்கொண்டு
தொட்டியிலிருந்து குடம் குடமாய் மொண்டுகொண்டிருந்தாள்.
பார்த்தாள்.
வா என்று சொல்லவில்லை.
"நிக்கிறதுக்கு இந்தக் குடத்தப் பிடி."

பிடித்தேன்.
மாடிப்படி பதினாறு. டிரம் இரண்டு.
வெள்ளைப் புடவையில் பாசி ஏறியது.
ஐந்தாவது குடத்தில், "மதினி,
கல்லறையில நான் அன்னிக்குச் சொன்னது..."
"வழியுது பாரு," என்றாள்.

ஒன்பதாவதோ பத்தாவதோ, எண்ணவில்லை,
எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள்:
"அன்னிக்கு ஒரு நம்பரும் ஞாபகம் வரல ஜாய்ஸ்.
என் நம்பரே வரல.
போன கையில வச்சிக்கிட்டு
ஆஸ்பத்திரி படியில உக்காந்திருந்தேன்."

தண்ணீர் தளும்பும் சத்தம் கொஞ்ச நேரம்.

"நான் பேசினது தப்பு. பெரிய தப்பு."
"ஆமா," என்றாள்.
"எனக்கு இன்னும் கோபம் போகல."
இருக்கட்டும் என்று சொல்ல வாய் வந்தது.
சொல்ல நான் யார்?
டிரம்முக்கு மூடியை அழுத்தினேன்.

கரண்ட் வந்ததும் ஃபேனடியில் உட்கார வைத்தாள்.
கைப்பையிலிருந்து கவர் கூழாய் வந்தது,
என் பெயர் கரைந்து நீலமாய்.
நோட்டை விரலில் தூக்கிப் பார்த்தாள்.
"கோயிலுக்குப் போற காசா இது?"
இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள்,
அண்ணன் சட்டைகளுக்கு வாங்கியது,
கைப்பிடியில் டேப் சுற்றியது.

காந்தி முகம் நிமிர்ந்தது.
நடுமடிப்பு மட்டும் போகவில்லை.
"இன்னொரு தடவை அழுத்தவா?"
போதும் மதினி, என்றேன்,
கருகிடும்.